கேட்பது 68, நான் சொன்னது 58: மடிப்பாக்கம் ஃபிளாட்டுக்கு அடுத்த விலையை எப்படிச் சொல்வது?

கணக்குப்புள்ளை | 20 ஜூலை 2025, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். குடியிருக்க அல்ல, வாடகைக்கு விடுவதற்காக ஒரு பழைய ஃபிளாட் பார்த்திருக்கிறேன். மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை, 980 சதுர அடி, யூ.டி.எஸ். (மனையில் இந்த வீட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கு) 430 சதுர அடி. 2011-ல் கட்டியது, மொத்தம் எட்டு வீடு. இப்போது ஒரு குடும்பம் 18,000 வாடகையில் இருக்கிறது. காலி செய்யும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

கேட்ட விலை 68 லட்சம். "58 என்றால் பார்க்கலாம்" என்று புரோக்கரிடம் சொன்னேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. நேற்று கூப்பிட்டு, "ஓனர் ரொம்ப வருத்தப்பட்டார் சார். 66.5, அதுதான் முடிவு. இன்னொரு பார்ட்டி 66-க்கு ரெடியா இருக்காங்க, நாளைக்கே டோக்கன் அட்வான்ஸ் போடுறாங்க. நீங்க ஒரு லட்சம் குடுத்துட்டா நான் நிறுத்தி வைக்கிறேன்" என்கிறார்.

கையில் 20 லட்சம் இருக்கிறது, மீதி வங்கிக் கடன். 66.5-க்கு ஒப்புக்கொண்டால் பத்திரச் செலவுக்கே கை கடிக்கும். 60 என்று சொல்லலாமா, 62 என்று சொல்லலாமா? அல்லது விட்டுவிடலாமா? வாழ்க்கையில் முதல் முறையாக இப்படி ஒரு பேரம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தாம்பரம்_கிழக்கு | 20 ஜூலை, 10:05

டோக்கன் மட்டும் போடாதீர்கள். ஒரு லட்சம் கொடுத்த அடுத்த நிமிடம், நீங்கள் விலை பேசுகிறவர் இல்லை, கொடுத்த பணத்தைக் காப்பாற்றப் பார்க்கிறவர். ஈ.சி. (வில்லங்கச் சான்று) பார்த்தீர்களா? பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அதைப் பார்க்கும் முன் எந்த எண்ணும் சொல்ல வேண்டாம்.

பழைய_வீட்டுக்காரர் | 20 ஜூலை, 11:20

தம்பி, முதலில் ஒரு கேள்வி. அந்த 58 எங்கிருந்து வந்தது? 68-ல் பத்து குறைத்துச் சொன்னீர்களா? அப்படியென்றால் அவர்கள் வருத்தப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. காரணம் இல்லாமல் சொன்ன எண்ணை "நம்ம வீட்டை மட்டம் தட்டுறான்" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதே 58-ஐக் கணக்கோடு சொல்லியிருந்தால், அது தப்பு என்று காட்டும் வேலை அவர்களுடையது ஆகியிருக்கும்.

நான் நாலு வீடு வாங்கி இரண்டை விற்றவன். என் கணக்கு இப்படி. அந்தத் தெருவில் கடைசியாக வெறும் மனை என்ன விலைக்குப் போனது என்று விசாரியுங்கள். புரோக்கரிடம் கேட்க வேண்டாம். பால்காரர், அயர்ன் வண்டிக்காரர், பக்கத்து அடுக்ககத்துக்காரரிடம் கேளுங்கள். சதுர அடி 9,000 என்று வைத்துக்கொள்வோம். 430 யூ.டி.எஸ்.-க்கு 38.7 லட்சம். கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,400 என்றால் 980-க்கு 23.5 லட்சம். பதினாலு வருடம் ஓடிய கட்டடம், வருடத்துக்கு ஒன்றரை சதவீதம் தேய்மானம் கழித்தால் 18.6 வரும். ஆக மொத்தம் 57.3. இப்போது உங்கள் 58-க்குக் கால் முளைத்துவிட்டது.

வாடகைப் பக்கமிருந்தும் பார்த்துவிடுங்கள். வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வைத்தால் 1,98,000. சொத்து வரி, சில்லறை ரிப்பேர் போக 1,72,000 நிற்கலாம். 68-க்கு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், புரோக்கருக்கு 1 சதவீதம் என்று கிட்டத்தட்ட 74.8 லட்சம் இறங்குகிறது. வருமானம் 2.3 சதவீதம். 60-க்கு வாங்கினாலும் 2.6-தான். இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வாடகை உங்கள் இ.எம்.ஐ.-யைக் கட்டாது. நீங்கள் வாங்குவது அந்த 430 சதுர அடி மண்ணை. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு லட்சமும் பழைய சிமென்ட்டுக்குக் கொடுப்பது.

அடுத்தது, "இன்னொரு பார்ட்டி". இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 66-க்கு ஒருவர் உண்மையிலேயே தயார் என்றால் புரோக்கர் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார் என்பது என் அனுபவம். ஆடி மாதத்தில் வாங்குகிறவர்கள் குறைவு, அது உங்களுக்குச் சாதகம். எண்ணைப் புரோக்கர் வாயில் அனுப்பாதீர்கள். "ஓனரோடு ஒரு தடவை உட்கார்ந்து பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

அம்பத்தூர்_அப்பா | 21 ஜூலை, காலை 7:15

பெரியவர் சொன்னதில் பாதிக்குத்தான் உடன்படுகிறேன். கணக்கு சரி. ஆனால் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினால் வீடு கைவிட்டுப் போகும். எனக்குப் போனது. 2019-ல் அம்பத்தூரில் ஒரு தனி வீடு. 82 கேட்டார்கள், 78.5 வரை வந்தார்கள், நான் 78-ல் நின்றேன். ஐம்பதாயிரம்! "அவரே கூப்பிடுவார்" என்று ஒரு வாரம் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டாவது நாள் அந்த வீட்டு வாசலில் வேறு ஒருவர் வாழைமரம் கட்டியிருந்தார். இன்றும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

அதனால் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே உங்கள் கடைசி எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள். அதற்குக் கீழே முடிந்தால் சின்னத் தொகைக்கு முறைக்காதீர்கள். மேலே போனால் எழுந்து வந்துவிடுங்கள்.

கோவைக்காரி | 21 ஜூலை, 8:50

அம்பத்தூர் அண்ணா சொன்ன அந்தத் தாள் ரொம்ப முக்கியங்க. நாங்கள் பீளமேட்டில் வாங்கும்போது என் வீட்டுக்காரர் பேசினார், எண் என் கைப்பையில் இருந்தது. அவர் மேலே போகப் பார்த்தபோது நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். அதற்கப்புறம்தான் அவர்கள் இறங்கினார்கள்.

இன்னொன்று. ஏன் விற்கிறார்கள் என்று கேட்டீர்களா? பெண் கல்யாணமா, கடனா, பாகப்பிரிவினையா? அது தெரியாமல் விலை பேசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு உரலைத் தேடுவது மாதிரிங்க.

கணக்குப்புள்ளை | 27 ஜூலை, இரவு 10:30

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன், நிறைய விஷயம் தெரியவந்தது.

தெருவில் மனை விலை விசாரித்தேன். பெரியவர் குத்துமதிப்பாகச் சொன்ன 9,000-தான் இரண்டு பேர் வாயில் வந்தது. அப்புறம் ஈ.சி. எடுத்தேன். 2011-ல் ஒரு வங்கியில் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் அதில் அப்படியே நிற்கிறது. கடன் அடைந்துவிட்டதாம், ஆனால் அடைந்ததற்கான ரசீது ஆவணம் பதிவு செய்யவே இல்லை.

இன்று நேரில் போனேன். வீடு அம்மா பெயரில் வாங்கியது, அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மாவும் போன வருடம் தவறிவிட்டார்கள். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர் நங்கநல்லூரில், இரண்டாமவர் திருச்சியில், கடைசித் தங்கை கல்யாணமாகிச் சிங்கப்பூரில். பெரிய அண்ணன்தான் பேசினார். நல்ல மனிதர். காபி கொடுத்துவிட்டு, அம்மா சேர்த்து வைத்த பைலை என் முன்னால் விரித்தார். வரி ரசீதுகள் வருட வாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தன.

கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு தூண் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பெயின்ட் அடித்திருந்தாலும் என் முட்டிக்கு ஒரு சாண் மேலே பழுப்பாக ஒரு கோடு. கையை வைத்துக் காட்டி, "மிக்ஜாம் புயலுக்கா?" என்றேன். அவரே ஒளிக்காமல் சொன்னார்: "ஆமா தம்பி, 2023 டிசம்பர். சம்ப்புக்குள்ள சாக்கடைத் தண்ணி போயிடுச்சு. மோட்டார் ரெண்டும் போச்சு. ஒண்ணுதான் மாத்தினோம்."

கணக்குத் தாளை அவரிடமே கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை. "மெட்ரோ வருதே, அதைச் சேர்க்கலையே" என்றார். உண்மைதான், மாதவரம் - சோழிங்கநல்லூர் தடம் மடிப்பாக்கம் வழியாகத்தான் வருகிறது. "மனை விலையே மெட்ரோவைச் சேர்த்துத்தானே ஐயா போகுது" என்றேன். சிரித்தார். நான் 59.5 சொன்னேன், அவர் 64-க்கு வந்தார். தம்பி தங்கையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

ஒரு சங்கடம். வாசல் வரை வந்த புரோக்கர், "பத்திரத்துல 45 போட்டுக்கலாம், மீதியைக் கையில குடுத்துடுங்க, இன்னும் ரெண்டு குறைச்சுப் பேசித் தரேன்" என்றார். அண்ணனுக்கு இது தெரியுமா என்றே எனக்குத் தெரியவில்லை.

தாம்பரம்_கிழக்கு | 27 ஜூலை, 10:48

வேண்டவே வேண்டாம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்களுக்கும் நஷ்டம்தான். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 45 என்றுதான் காகிதம் சொல்லும், மீதி முழுக்க லாபமாகக் கணக்காகும். வங்கியும் பத்திர விலையைப் பார்த்துத்தான் கடன் தரும். 45-க்கு 80 சதவீதம் 36 லட்சம். மிச்சத்துக்கு எங்கே போவீர்கள்?

அண்ணனிடமே நேராகச் சொல்லிவிடுங்கள்: "முழுத் தொகையும் வங்கி வழியாகத்தான் கொடுப்பேன்." மூன்று வாரிசுக்கு நடுவில் ரொக்கம் வந்தால் சண்டைதான் வரும் என்பது அவருக்கும் தெரியும்.

வரிக்கணக்கு | 28 ஜூலை, காலை 6:30

இந்த இழையில் இவ்வளவு நேரம் யாரும் தொடாத விஷயம் சிங்கப்பூர் தங்கை. சார், இதைக் கவனமாகப் படியுங்கள். இதில் தவறினால் தண்டம் கட்டுவது நீங்கள், அவர்கள் அல்ல.

50 லட்சமோ அதற்கு மேலோ விலை என்றால், இந்தியாவில் வசிக்கும் விற்பனையாளருக்குக் கொடுக்கும்போது 1 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது அவருடைய வருமான வரியை விலையிலேயே பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அண்ணன்கள் இருவருக்கும் அது போதும். தங்கை வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அவர் பங்குக்கு இந்த 1 சதவீதக் கணக்கு செல்லாது. அம்மா 2011-ல் வாங்கிய சொத்து, ஆகவே நீண்டகால மூலதன ஆதாயம் (பல வருடம் வைத்திருந்த சொத்தை விற்ற லாபம்): வரி 12.5 சதவீதம், அந்த வரித் தொகையின் மேல் செஸ் 4 சதவீதம், ஆக 13. வருமான வரி அலுவலகத்தில் குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்காதவரை, லாபத்துக்கு மட்டும் என்று பாராமல் அவருக்குப் போகும் முழுத் தொகைக்கும் பிடிப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. 62-க்கு முடிந்தால் அவர் பங்கு 20.67 லட்சம், அதில் 13 சதவீதம் ஏறக்குறைய 2.7 லட்சம். அப்படிப் பிடித்துக் கட்ட நீங்கள் டேன் என்ற எண்ணும் வாங்க வேண்டும்.

இதை இப்போதே சொல்லிவிடுங்கள். பதிவு நாளில் சொன்னால், "விலையைக் குறைக்கத் தந்திரம் பண்றான்" என்று நினைப்பார்கள். இப்போது சொன்னால் தங்கை அந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம், அது வரச் சில வாரம் பிடிக்கும். பிடித்த பணம் எங்கும் போகாது, ரிட்டர்ன் போட்டு மிச்சத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், அவர் நேரில் வருகிறாரா, அண்ணனுக்குப் பவர் (தன் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம்) கொடுக்கிறாரா? பவர் என்றால் அங்கே இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ கையெழுத்தாகி வர வேண்டும், இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். கேட்டு வையுங்கள்.

கணக்குப்புள்ளை | 30 ஜூலை, இரவு 9:15

வரிக்கணக்கு சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். அவர் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு இன்று கூப்பிட்டார். "இதை மத்த பார்ட்டி யாருமே சொல்லல தம்பி" என்றார்.

பேச்சோடு பேச்சாக ஒரு விஷயம் சொன்னார். தங்கை ஆகஸ்ட் 24-ஆம் தேதி வருகிறார், செப்டம்பர் 7-ல் திரும்பிப் போகிறார். பிள்ளையார் சதுர்த்திக்கு வருகிற அந்த இரண்டு வாரத்தை விட்டால் அடுத்த லீவு எப்போது என்றே தெரியாதாம். பவர் கொடுக்க அவருக்கு மனமில்லை, தானே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். இந்தத் தேதிக்குள் முடிக்காவிட்டால் வீடு இன்னும் ஒரு வருடம் மூன்று பேர் தலையிலும் நிற்கும் என்று அண்ணன் கவலைப்படுகிறார்.

இதை வைத்து விலையை இன்னும் இறக்கலாமா? கேட்கவே கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

பழைய_வீட்டுக்காரர் | 30 ஜூலை, 10:40

சங்கடப்படத் தேவையில்லை. அவர்கள் கழுத்தில் கத்தி வைக்கச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தேவையான ஒன்று உங்களிடம் இருக்கிறது, அதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு லட்சம் அதிகம் சொல்லும் இன்னொருவர் கடன் இன்னும் கிடைக்கவில்லை என்று அக்டோபர் வரை இழுத்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன லாபம்?

அதனால் இனி வெறும் எண்ணைச் சொல்லாதீர்கள். நாளைக்கே வங்கிக்குப் போய் கடன் தரத் தயார் என்ற கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம்தான் உச்ச வரம்பு, பத்திரச் செலவு அதில் சேராது. 61 என்றால் கடன் 48.8, உங்கள் கையிலிருந்து 12.2, பதிவுக்கு 5.5, புரோக்கருக்கு ஒன்றுக்குள். 20-க்குள் அடங்கும். அந்தக் கடிதத்தோடு போய்ச் சொல்லுங்கள்: "61. செப்டம்பர் முதல் வாரம் பதிவு. என்னால் தள்ளிப்போனால் இவ்வளவு தருகிறேன் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்." அந்த வாக்கு கொடுக்க உங்களால் முடியும் என்றால்தான் சொல்ல வேண்டும். முடியாததைச் சொல்லிவிட்டுப் பிறகு அந்தத் தங்கையைக் காரியம் முடியாமல் ஏர்போர்ட்டுக்கு அனுப்பாதீர்கள்.

நீங்கள் ஏறும் படியும் இனிமேல் சின்னதாகிக்கொண்டே வரட்டும். 58-லிருந்து 59.5, அங்கிருந்து 61. அடுத்தது அரை, அதற்கடுத்தது கால். உங்களிடம் இதற்கு மேல் இல்லை என்பது எதிரில் இருப்பவருக்குத் தானாகவே புரியும். "நடுவுல வெட்டிக்கலாம்" என்று புரோக்கர் சொல்வார். உடனே தலையாட்டாதீர்கள். 61-க்கும் 64-க்கும் நடு 62.5. அந்த நடுவைத் தீர்மானித்தது அவர்கள் சொன்ன 64, உங்கள் கணக்கு அல்ல.

கோவைக்காரி | 31 ஜூலை, காலை 9:10

வாடகைக்கு இருப்பவர்களின் அட்வான்ஸ் பணம் யாரிடம் இருக்கிறதுங்க? அம்மா வாங்கி வைத்திருப்பார்கள். நாளைக்கு அவர்கள் காலி செய்யும்போது உங்களிடம்தான் கேட்பார்கள். அதைப் பாக்கித் தொகையில் கழிக்க வேண்டும். ஆனால் அது உங்கள் உரிமை, அவர்கள் செய்யும் விலைக்குறைப்பு இல்லை. "அட்வான்ஸைக் கழிச்சுக்கிறீங்களே, விலையில ஒரு லட்சம் ஏத்திக்குங்க" என்று சொன்னால் ஏமாறாதீர்கள். அசோசியேஷன் பாக்கி, மின்சாரம், குடிநீர் வரி எல்லாவற்றுக்கும் கடைசி ரசீது கேட்டு வாங்குங்கள்.

கணக்குப்புள்ளை | 3 ஆகஸ்ட், இரவு 8:00

முடிந்தது. 61.75.

வெள்ளிக்கிழமை வங்கிக் கடிதம் கிடைத்தது. சனிக்கிழமை மறுபடி உட்கார்ந்தோம், திருச்சி அண்ணன் வந்திருந்தார், தங்கை வீடியோவில். 61 என்றேன், தேதி வாக்குறுதியோடு. அவர்கள் 62.5 என்றார்கள். நான் 61.5. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. புரோக்கர் 62 என்று வெட்டப் பார்த்தார். என் தாளில் எழுதி வைத்த எண்ணே 62-தான் என்பதால் வாய் வரை வந்துவிட்டது. பழைய வீட்டுக்காரர் ஐயா இங்கே சொன்னதை நினைத்து அடக்கிக்கொண்டு, "61.75, அந்த இரண்டாவது மோட்டாரையும் சம்ப்பைக் கழுவுவதில் இந்த வீட்டுப் பங்கையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். சிங்கப்பூரிலிருந்து அந்தத் தங்கைதான் முதலில் சொன்னார்: "குடுத்துடலாம்ணா. இவர் எல்லாத்தையும் முன்னாடியே சொல்றார்."

ஆடியில் பணம் கைமாற்ற அண்ணி தயங்கினார்கள். இன்று ஆடிப்பெருக்கு, நல்ல நாள் என்பதால் இன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு மூன்று பேர் கணக்கிலும் ஒரு சின்னத் தொகை அனுப்பினேன். தங்கைக்குப் போனதில் மட்டும் 13 சதவீதம் நிறுத்தி வைத்திருக்கிறேன், டேன் எண்ணுக்கு விண்ணப்பித்தாகிவிட்டது.

தாம்பரம்_கிழக்கு | 3 ஆகஸ்ட், 8:25

வாழ்த்துகள்! ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து என்று புரோக்கர் சுருக்கினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்த 2011 கடன் ரசீதைக் கிரயத்துக்கு முன் அவர்கள் செலவில் பதிய வேண்டும், வாரிசுச் சான்றின் அசல் தர வேண்டும், வங்கியின் சட்டக் கருத்து பாதகமாக வந்தால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வேண்டும். மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

அம்பத்தூர்_அப்பா | 3 ஆகஸ்ட், 9:00

கால் லட்சத்துக்கு முறைத்துக்கொண்டு நிற்காமல் முடித்தீர்களே, எனக்கு அதுதான் சந்தோஷம் தம்பி.

கணக்குப்புள்ளை | 6 செப்டம்பர், மாலை 6:20

நேற்று முன்தினம் கிரயம் ஆனது. பலர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன்.

தங்கைக்கான குறைந்த பிடித்தச் சான்று நேரத்துக்கு வரவில்லை. அவர் பங்கு 20 லட்சத்து 58 ஆயிரத்துச் சொச்சம், முழுத் தொகைக்கும் 13 சதவீதம், 2 லட்சத்து 67 ஆயிரம் பிடித்தேன். ஒரு மாதத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் என்பதால் ஒரு வார்த்தை பேசவில்லை. வாடகைக்காரரின் ஒரு லட்சம் அட்வான்ஸ் பாக்கித் தொகையில் கழிந்தது. கடன் ரசீது ஆகஸ்ட் மூன்றாவது வாரமே பதிவாகிவிட்டது. பதிவன்று காலை ஆறு மணிக்கு மறுபடி ஈ.சி. போட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

பதிவு அலுவலகத்தில் எங்கள் வரிசை எண் வர மதியம் இரண்டு ஆனது. தங்கை அம்மாவின் பைலை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கையெழுத்து முடிந்ததும் அசல் பத்திரத்தை வங்கிக்காரர் எடுத்துக்கொண்டார். அந்த வரி ரசீதுக் கட்டை என்னிடம் கொடுத்து, "இதையும் வச்சுக்குங்க, நூலை மட்டும் அவிழ்க்காதீங்க" என்றார்.

வாடகை அதே 18,000. புது ஒப்பந்தம் அடுத்த வாரம் போடுகிறோம். மழைக்கு முன் சம்ப் வேலை முடிய வேண்டும். மடிப்பாக்கம் பக்கம் நல்ல மோட்டார் மெக்கானிக் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.